கொம்பனித்தெருவும் நமது முதுசமும்



வன்னியிலிருந்து புகையிரதமேறிக் கொழும்புக் கோட்டையில் இறங்குகிறீர்கள். அங்கிருந்து கரையோரப் பாதையில் சற்றுத் தூரம் சென்றால் வரும் நிலையம் கொம்பனித்தெரு. சிங்களத்திலும் ஏறக்குறைய அதே பெயர்தான். ஆங்கிலத்தில் மட்டும் நெடுங்காலமாக அடிமைத் தீவு என்ற பொருளில் 'சிலேவ் ஐலண்ட்' என எழுதி வந்தனர். ஒல்லாந்தக் கம்பனியார் தம் அடிமைகளை அங்கேதான் அடைத்து வைத்திருந்தனர். ஆபிரிக்காவிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும், ஏன், நமது எதிர்க்கரையாகிய தென்னிந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மனிதர்கள் அவர்கள். 2022ஆம் ஆண்டில் அரசாங்கம் அந்த ஆங்கிலப் பெயரை விலக்கி, மும்மொழியிலும் கொம்பனித்தெரு என்ற பெயரையே வழங்கத் தீர்மானித்தது.

இழிவான பெயர் ஒழிந்தது நல்லதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். மகளோடு அத்தெருக்களில் நடந்தபோது அந்த எண்ணம் தளர்ந்தது. அந்த மனிதர்களை நினைவூட்டும் ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை. இருந்த ஒரே நினைவுச்சின்னம் அப்பெயர்தான் போலும்!

ஒல்லாந்தரைக் குறைகூறிவிட்டு நாம் வீடு திரும்பிவிடலாம். ஆனால் நம்மிடமும் ஒரு நூல் இருக்கிறது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுக்க, பன்னிரு தமிழ் முதலியார்கள் பார்த்துச் சரியென ஏற்ற தேசவழமை அது. எந்தெந்தக் குலத்தவர் அடிமைகள் என்று அது பெயர் சொல்லியே கூறுகிறது. அடிமைத் தாயின் பிள்ளை தாயின் எசமானுக்கே உரியது என்றும் விதிக்கிறது. 1844இல் பிரித்தானியர் சட்டமியற்றி அடிமைமுறையை ஒழித்தபின் அப்பகுதி செத்தது. காணி, சீதனம், முதுசம் பற்றிய பகுதி இன்றும் நமது உறுதிகளில் உயிரோடிருக்கிறது.

பெற்றோர் பட்ட கடனை ஆண்மக்கள் தீர்க்கவேண்டும் என்பதும் அதே தேசவழமையின் விதிதான். காணி முதுசம் நமக்கு வேண்டும், கடன் முதுசம் வேண்டாமோ? 1992இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஆபிரிக்காவின் கோரே தீவில், அடிமைகளைக் கப்பலேற்றிய இடத்தில் நின்று, கிறிஸ்தவர்கள் செய்த பாவத்துக்காக மன்னிப்பு வேண்டினார். அவர் எவரையும் விலைக்கு வாங்கியவரல்லர். கடனாளியின் வாரிசாகவே அங்கு நின்றார்.

நாமோ 2009இல் செட்டிகுளம் முகாமில் ஒரே வரிசையில் வாளியோடு தண்ணீருக்கு நின்றவர்கள். அன்று முன்னால் நின்றவர் எந்தக் குலம் என்று யார் கேட்டது? மீளக்குடியேறிக் கூரை போட்டு முடியுமுன்னே, கலியாணப் பேச்சில் "அவை எந்தப் பகுதி ஆக்கள்?" என்ற கேள்வி வந்துவிட்டது. மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து, நம்மோடு ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கும் குடும்பங்களைப் பற்றி நமது அடுக்களைகளில் பேசப்படுவதை நான் எழுதவேண்டியதில்லை. ஒனேசிமு என்ற அடிமையைச் சகோதரனாக ஏற்கும்படி புனித சின்னப்பர் பிலமோனுக்கு எழுதிய திருமுகம் நமது கோயில்களிலும் வாசிக்கப்படுகிறது.

திரும்பி வரும்போது, வவுனியா தாண்டியதும் மகள் கேட்டாள்: "அப்பா, எங்கட ஆக்கள் அடிமை வைச்சிருந்தவையோ, அடிமையா இருந்தவையோ?"

மாங்குளம் கடந்தது, முறிகண்டியும் கடந்தது. நான் இன்னும் வாய் திறக்கவில்லை.