கரைக் கணக்கு

சோளகம்

மேசையில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தில். அதில் கால்வாசிக்கு வெள்ளை மணிகள். வீட்டுக்கு வருகிறவர்கள் சவ்வரிசி என்றே நினைக்கிறார்கள். போன மாதம் மனைவி பாயாசத்துக்காக மூடியைத் திறந்தும் விட்டாள்.

ஆனி மாதம் சாட்டிக் கரையில் பொறுக்கியவை அவை. 2025 மே 25இல் கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் 640 கொள்கலன்களோடு தாண்டுபோனது. உள்ளே 367 தொன் உலை எண்ணெயும் 84 தொன் டீசலும் இருந்தனவாம். எண்ணெய் வரும் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். நம் இலங்கை வடக்குக் கரைகளுக்கு வந்து சேர்ந்தது கொள்கலன்களில் இருந்த பிளாஸ்டிக் மணி. குமரி முனையைச் சுற்றி, மன்னார்க் குடாவைத் தாண்டி, சோளகம் அதைக் கொண்டுவந்து மணலில் தெளித்துவிட்டுப் போயிற்று. இதே காற்றைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதா, வலையைப் பொத்துவதா என்று முடிவெடுப்பார்கள். காற்றின் மேல் பிழை சொல்ல முடியாது. யார் எதை இறக்கி வைத்தாலும் சுமக்கிற சுபாவம் அதற்கு.

பொறுக்குவதற்குக் கையும் கண்ணும் போதவில்லை. இரண்டாம் நாள் வீட்டிலிருந்து அரிக்கன் சட்டியைக் கொண்டுபோனேன். மணலோடு சேர்த்து அள்ளிப் போட்டு, கடல் தண்ணீர் விட்டு, மணிக்கட்டை மெல்லச் சுழற்றினால் மணல் அடியில் படியும், மணிகள் மேலே வரும். அம்மா அரிசியில் கல் அரித்த அதே சுழற்சி. என் கைக்கு அது தெரிந்திருந்தது எனக்கே புதினம். ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து அரித்தால் ஒரு பேணி நிறையும். நிமிர்ந்து பார்த்தால் கரை முன்பு கிடந்தது போலவே கிடக்கும்.

வள்ளத்தை இழுத்துக் கட்டிவிட்டு ஒருவர் வந்து நின்றார். என்னிடம் படித்தவரின் தகப்பன் போலிருந்தது.

“என்ன சேர், மட்டி பொறுக்கிறியளோ?”

காட்டினேன். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

“மீன் சினை மாதிரியெல்லோ கிடக்கு.” கொஞ்சம் பொறுத்து, “மீனுக்கும் அப்பிடித்தானே தெரியும்” என்றார்.

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தைச் சொல்லியிருக்க மாட்டேன்.

*

இந்த மணிக் கதைக்கு முன்னோடி எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல். 2021 மே 20இல் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தபடியே தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம். ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணி. நீர்கொழும்புக் கரையில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை. 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் இறந்தன என்ற கணக்கு நீதிமன்றம் வரை போனது. 2025 யூலை 24இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது.

தீர்ப்புச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்த அன்று எனக்கு 417 என்ற எண்தான் மனத்தில் நின்றது. அந்த வருடம் கரையொதுங்கிய ஆமைகள் இத்தனை என்று சொல்லலாம். அதற்கு முந்திய வருடம் எத்தனை? அதற்கும் முந்தி? வலையில் சிக்கிச் செத்து ஒதுங்குகிற ஆமை ஒவ்வொரு வருடமும் உண்டு. கூடியது எவ்வளவு என்று காட்ட, கூடாத காலத்தின் கணக்கு வேண்டும். குற்றம் செய்தவனின் வழக்கறிஞர் முதலில் கை வைக்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும். நான் வழக்கறிஞராக இருந்தால் அங்கேதான் வைப்பேன்.

பேர்ல் எரிந்த வருடத்தில்தான் நான் இந்தக் கொப்பியைத் தொடங்கினேன். சனிக்கிழமை காலையில் அரியாலைக் கரைக்குச் சைக்கிளில் போவது, அரை மணி நேரம் நிற்பது, கண்ணில் பட்டதை எழுதுவது. காற்று, நீர்மட்டம், பறவை, நாற்றம். வேறொன்றுமில்லை.

கச்சான்

கச்சான் என்றால் எங்களுக்குக் காற்றும் உண்டு, கடலையும் உண்டு. திருவிழா நாட்களில் நல்லூரில் இரண்டாவதுதான் அதிகம். தெரு முழுக்கக் கோது.

காலை ஐந்து மணிக்கு வெளிவீதியில் பிரதட்டை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நனைந்த வேட்டி, உடம்பெல்லாம் மணல். ஒருவர் எழுந்து முதுகைத் துடைக்கப் போனார். பக்கத்தில் நின்ற கிழவி தடுத்தாள். “விடு மோனை, ஈரத்தில தேய்ச்சாக் கீறும். காய்ஞ்சால் தானே உதிரும்.”

1967 மார்ச்சில் இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையில் டொரி கன்யன் என்ற கப்பல் பாறையில் மோதியது. ஒரு லட்சம் தொன்னுக்கு மேல் மசகெண்ணெய். பதறிப்போய்ப் பாறைகள் மேல் ஆயிரக்கணக்கான தொன் சலவைத் திராவகத்தை ஊற்றினார்கள். எண்ணெய்க்குத் தப்பிய சிப்பிகளைத் திராவகம் கொன்றது. பாசியை மேய்கிற சிப்பி இல்லாததால் பாறையெல்லாம் பச்சை போர்த்தது. பழைய நிலைக்கு வரப் பத்துப் பதினைந்து வருடம் பிடித்தது. கழுவாமல் விட்ட பாறைகளோ இரண்டு மூன்று வருடத்தில் தேறிவிட்டன.

கிழவி சொன்னதற்கும் இதற்கும் இடையில் நான் தேர்முட்டிப் படியில் வெகுநேரம் இருந்தேன்.

ஆனால் இதைச் சட்டமாக்கிவிடவும் கூடாது. கண்டல் காட்டுக்குள் கெட்டி எண்ணெய் வந்தால் ‘தானே உதிரும்’ என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கண்ணா மரத்தின் மூச்சுவேரில் நுண்துளைகள் உண்டு. மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. எண்ணெய் பூசினால் மூக்கைப் பொத்தியது போல. 2017 ஜனவரி 28இல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, பாறை இடுக்குகளில் தார்போல் தேங்கியதை மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். வாளிப் படத்தைப் போட்டு உலகம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடுக்கில் உறைந்த எண்ணெய்க்கு வாளியும் அகப்பையும் நல்ல கருவிதான். அத்தனை பெரிய துறைமுகத்தின் வாசலில் வாளிக்கு முன்னால் வந்து நிற்க வேறொன்றும் இல்லாததும், அள்ளிய பிள்ளைகளில் பலர் கையுறைகூட இல்லாமல் நின்றதும்தான் வெட்கம்.

*

கண்டல் நடுகை ஒன்றுக்கு அழைத்திருந்தார்கள். பதாகை, தொப்பி, சோடா. முருங்கைக்காய் போல் நீண்ட காய்களை வரிசை பிடித்துச் சேற்றில் குத்தினோம். படம் எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் ஆடு கடித்தது பாதி, நீர் இழுத்தது மீதி. யார் நடத்தியது என்று எழுதவில்லை. நானும் ஒரு காய் குத்தியவன்.

பிறகு தேடி வாசித்தேன். ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ருகுணுப் பல்கலைக்கழகத்தாரும் பெல்ஜிய ஆய்வாளர்களும் திரும்பப் போய்ப் பார்த்து 2017இல் எழுதியிருக்கிறார்கள். நட்டது 1,000 ஹெக்டேயருக்கு மேல். தேறியது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் இல்லை. நீர் ஏறி இறங்கும் அளவு பொருந்தாத இடத்தில் நட்டது, கண்ணா நிற்க வேண்டிய மண்ணில் வேறு சாதியை நட்டது, நட்டபின் திரும்பிப் பாராதது. அங்கே முன்பு என்ன நின்றது என்று கரையோரத்துக் கிழவர் ஒருவரைக் கேட்டிருந்தால் பாதிக் காசு மிஞ்சியிருக்கும். இது என் கணிப்பு, ஆய்வில் இல்லை.

*

கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அடியில்.

எங்கள் ஊரில் ஆறு இல்லை. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே ஊறிக் கிடக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. அதைத்தான் குடிக்கிறோம். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. சிறுவயதில் அதை அதிசயம் என்று காட்டினார்கள். உண்மையில் குடாநாடு முழுக்க அந்த அதிசயத்தின் மேல்தான் இருக்கிறது.

உப்பின் மேல் நன்னீர் மிதக்கும். நன்னீரின் மேல் எண்ணெய் மிதக்கும். சுன்னாகத்தில் 2014, 2015இல் வாளி இறக்கினவர்கள் கண்டது அதைத்தான். மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கல்லுக்குள் இறங்கிக் கிணறு கிணறாக வந்தது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. கடல் எண்ணெயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கிணற்று வாளியின் விளிம்பில் ஒட்டிய வானவில்தான் தெரிகிறது. கடலில் கொட்டினால் கப்பலின் பெயராவது தெரியும்.

*

மெக்சிக்கோ வளைகுடாவில் 2010இல் டீப்வோட்டர் ஹொரைசன் வெடித்தபின், அமெரிக்கர்கள் பறவைக்கும் ஆமைக்கும் சேற்றுநிலத்துக்கும் மட்டும் கணக்குப் பார்க்கவில்லை. கடற்கரைக்குப் போகாமல் விட்ட, தூண்டில் போடாமல் விட்ட, படகு ஓட்டாமல் விட்ட நாட்களையும் எண்ணினார்கள். 1 கோடியே 68 லட்சம் நாட்கள். அதன் பெறுமதி 69 கோடி டொலருக்கு மேல் என்றார்கள். அந்தக் காசில் ஒரு பங்கு மீன்பிடி மேடைகளுக்கும் பூங்காக்களுக்கும் போனது.

முதலில் இது எனக்கு வேடிக்கையாகப் பட்டது. காலை நனைப்பதற்கும் விலையா? இரவு நித்திரை வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கடல் எந்தப் பக்கம் போனாலும் சில மைல்தான். முள்கம்பியும் ‘உட்செல்லத் தடை’யும் இருந்த காலத்தில் வளர்ந்த என் மகள் முதல்முதல் கடலில் கால் வைத்தது இருபதாவது வயதில். செருப்பைக் கழற்றாமல் நின்றாள். மிதிவெடிப் பயத்தில் வளர்ந்த கால். எங்கள் குடாநாட்டுக்கு இழந்த நாட்களை யாரும் எண்ணவில்லை. எண்ணினால் எந்த எண் வரும், யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

வாடை

முதல் மழைக்குப் பிறகு மண் மணம். பேத்தி விடுமுறையில் வந்திருக்கிறாள். எட்டு வயது. படுக்கப் போகும்முன் கதை கேட்டாள். பென்குயின் கதை சொன்னேன்.

2000ஆம் ஆண்டு யூனில் தென்னாபிரிக்காவில் ட்ரெஷர் என்ற கப்பல் தாண்டு எண்ணெய் கொட்டியது. இறகில் எண்ணெய் பட்டால் பறவைக்குக் குளிர் ஏறும். அலகால் கோதினால் வயிற்றுக்குள் போகும். எண்ணெய் பட்ட ஏறக்குறைய 19,000 பென்குயின்களை ஒவ்வொன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள். இன்னும் ஏறக்குறைய அதேயளவு பறவைகளில் எண்ணெய் படவில்லை. அவற்றைப் பிடித்து லொறியில் ஏற்றி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள்.

“ஏன் அம்மப்பா துரத்தினவை?”

“துரத்தேல்லை. அதுகள் எப்பிடியும் வீட்டுக்கு நீந்தி வரும். வந்து சேர ரெண்டு மூண்டு கிழமை. அதுக்குள்ள வீட்டைக் கூட்டித் துடைச்சிட்டினம்.”

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. விளக்கை அணைத்தபின் எனக்கும். மீட்புப் பணி பற்றி நான் வாசித்ததில் இத்தனை கெட்டித்தனமான யோசனை வேறில்லை. பறவைக்கு வழி தெரியும் என்று நம்பிச் செய்த வேலை.

*

செம்மணி என்று எழுதினால் கை ஒரு கணம் நிற்கிறது. அங்கே சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் மனித எலும்புகளை வெளியே எடுத்து இலக்கமிட்டு எண்ணினார்கள். சிறு பிள்ளைகளுடையதும் உண்டு. அதே வீதியால் நான் பறவை எண்ணப் போகிறேன். கொப்பியை மூடிவிடலாமா என்று யோசித்தேன். மூடவில்லை. ஏன் என்று எழுதத் தெரியவில்லை.

*

சனிக்கிழமை. பேத்தி சைக்கிள் கரியரில். வாடை விழுந்து நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் கிடந்தது. களங்கட்டிக் கம்புகளில் நீர்க்காகங்கள் செட்டை காயவைத்தன. பூநாரைகள் இன்னும் வரவில்லை. பவளக்கால் உள்ளான்கள் வந்துவிட்டன, மெலிந்த சிவப்புக் காலில் சேற்று நீருக்குள் வரிசையாக. நாற்றம் வழமையான சேற்று நாற்றம்தான், எண்ணெய் இல்லை.

இடமிருந்து வலமாக எண்ணிக்கொண்டு வந்தேன். அவளும் விரலை நீட்டி வாய்க்குள் எண்ணினாள். நான் 43இல் நின்றபோது சட்டையை இழுத்தாள்.

“அம்மப்பா, தண்ணிக்குள்ள தலைகீழா நிக்கிறதையும் எண்ணவோ?”

வேண்டாம் என்றேன். ஆனால் எண் தவறிப்போயிற்று. எது நின்றது, எது நிழல் என்று பார்த்துப் பார்த்து, கம்படியிலிருந்து மறுபடியும் தொடங்கினோம்.