ஏறாமல் விட்ட சிகரம்

மலையைக் கண்டால் அதன் உச்சியை அடைய வேண்டும் என்று ஆசைப்படுவது மனித சுபாவம். குழந்தைப் பருவத்தில் திண்ணையிலும் மதிலிலும் ஏறத் தொடங்கிய அந்த ஆசையே, வயது வளர வளர, பதவியாகவும் பொருளாகவும் புகழாகவும் வேறு வேறு உருவங்கள் எடுத்து, வாழ்நாள் முழுவதும் நம்மை மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆசையை நான் குற்றம் சொல்லவில்லை. அது இல்லாதிருந்தால் மனிதன் குகையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டான். ஆயினும், அடையக்கூடியதையெல்லாம் அடைந்தே தீர வேண்டுமா, கையில் சக்தி இருக்கும்போதே சிலவற்றைத் தொடாமல் விட்டுவைப்பதில் ஒரு தர்மம் உண்டா என்ற கேள்வி நெடுநாளாக என் மனத்தில் இருந்து வந்தது. அதற்கு எனக்கு விடை கிடைத்த இடம், உலகத்திலேயே மிக உயர்ந்த சிகரத்தின் அடிவாரம்.

நேபாளத்தின் வடகிழக்கில், தூத்கோசி நதியின் தலைப்பள்ளத்தாக்குகள் அடங்கிய பிரதேசத்துக்குக் கும்பு என்று பெயர். ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன் கிழக்குத் திபெத்திலிருந்து பனிக்கணவாய்களைக் கடந்து வந்து குடியேறிய ஷெர்பா மக்களின் தாயகம் அது. பிரயாணிகள் பெரும்பாலும் 2,860 மீட்டர் உயரத்திலுள்ள லுக்லாவில் விமானத்திலிருந்து இறங்கி நடக்கத் தொடங்குகிறார்கள். அதற்கு மேல் வண்டிச்சாலை கிடையாது. அரிசியும் மண்ணெண்ணெயும் மரப்பலகையும் மனிதர் முதுகிலோ, யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த சொப்கியோ என்னும் கலப்பின எருதின் முதுகிலோ ஏறித்தான் மேலே செல்கின்றன. வழிநெடுக மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிக் கட்டிய நீண்ட சுவர்கள் இருக்கின்றன. பாரம் சுமக்கிறவர் எவ்வளவு களைத்திருந்தாலும், குறுக்கு வழி எதிர்ப்புறம் இருந்தாலும், அந்தச் சுவர் தம் வலப்பக்கம் இருக்கும்படியாகவே சுற்றிக்கொண்டு போகிறார். நம் கோயில்களில் செய்யும் பிரதட்சிணத்தை, அங்கே அன்றாட வழிநடையோடு சேர்த்தே செய்கிறார்கள்.

அந்த மலைப்பாதை முதலில் போதிப்பது நிதானத்தை. 3,000 மீட்டருக்கு மேலே போகும்போது, இரவில் தங்கும் இடத்தின் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு அதிகமாக ஏற்றக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பதும் மருத்துவர்கள் வகுத்த விதி. பலசாலியாயினும் பணக்காரராயினும் இந்த விதிக்கு உட்பட்டே ஆக வேண்டும். மீறினால் தலைவலியில் தொடங்கும் உபத்திரவம், மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். அதனாலேயே 3,440 மீட்டர் உயரத்திலுள்ள நாம்சே பஜாரில், கால்கள் போகலாம் என்று துடித்தாலும், ஒரு நாள் சும்மா இருக்கிறார்கள். அங்கிருந்து தெங்போச்சே மடாலயத்துக்குப் போகிற வழியோ, அரும்பாடுபட்டு ஏறிய உயரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஆற்றங்கரை வரை இறங்கச் செய்து, பிறகு அறுநூறு மீட்டர் போல மறுபடியும் ஏறச் செய்கிறது. உடம்பு இவ்வாறு கற்றுக்கொண்ட அடக்கத்தை மனம் கற்றுக்கொள்வதற்கு இன்னும் சற்று மேலே போக வேண்டியிருக்கிறது.

தெங்போச்சே மடாலயம் 3,867 மீட்டர் உயரத்தில், மலைமுகட்டின் மேல், அமா தப்லாம் சிகரத்தை எதிரே நோக்கி நிற்கிறது. 1916-இல் நிறுவப்பட்ட அந்தக் கட்டடம் 1934-ஆம் ஆண்டின் பூகம்பத்தில் இடிந்தது, திரும்பக் கட்டியதை 1989-இல் தீ கொண்டுபோயிற்று, மறுபடியும் கட்டினார்கள். கும்புவின் மக்கள் வரலாற்றை ஆராய்ந்த மானிடவியலறிஞர் ஃபியூரர்-ஹைமன்டார்ஃப், 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்து சேர்ந்த உருளைக்கிழங்கினால் விளைச்சல் பெருகியது என்றும், அந்த உபரிச் செல்வமே மடாலயங்கள் எழுவதற்குத் துணையாயிற்று என்று கருதினார். அவர் சொன்ன காரணத்தோடு வியாபாரம் முதலிய வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். எப்படியாயினும், கல்லும் பனியும் நிறைந்த நாட்டில், வருஷத்தில் சில மாதங்களே மண் விளையும் இடத்தில், வயிற்றுக்கு மிஞ்சியது கையில் சேர்ந்தபோது, அதில் ஒரு பங்கைத் தனி ஒருவருக்கும் சொந்தமாகாத ஒரு ஸ்தாபனத்துக்குக் கொடுத்த மக்கள் அவர்கள் என்பதை நான் அந்த முற்றத்தில் நின்று நெடுநேரம் எண்ணினேன்.

நாம்சேக்கு மேலே கும்ஜுங் என்று ஒரு கிராமம் இருக்கிறது. கல்வேலி கட்டிய கிழங்கு வயல்களுக்கு நடுவே வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தாக எழும் கரும்பாறைச் சிகரம் கும்பிலா. அதன் உயரம் 5,761 மீட்டர். எவரெஸ்டின் 8,849 மீட்டருக்கு முன்னே அது பெரிதல்ல. அந்த வீடுகளில் பிறந்தவர்களின் திறமைக்கு அது அசாத்தியமும் அல்ல. ஆனால் அந்தச் சிகரத்தில் அவர்கள் ஏறுவதில்லை. வெண்குதிரை மேல் வரும் கும்புவின் காவல் தெய்வம் அங்கே வாசம் செய்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஏறிப் பார்க்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றியதில்லையா என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். தெய்வத்தின் தலைமேல் கால் வைக்க யாருக்குத் தோன்றும் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அந்தக் குரலில் பயம் இல்லை. நான் கேட்டதிலிருந்த அறியாமையைக் குறித்த பரிவு மட்டுமே இருந்தது.

விட்டுவைக்கும் இந்தப் பண்பு ஒரு சிகரத்தோடு நின்றுவிடவில்லை. நவா என்ற காவலர்களைக் கிராமத்தார் தங்களுக்குள்ளிருந்தே நியமித்துக்கொள்வது அங்கே பழைய வழக்கம். பயிர் வளரும் காலம் தொடங்கியதும், இன்ன தேதிக்குள் கால்நடைகளெல்லாம் ஊர் எல்லையை விட்டு மேல் மேய்ச்சல் நிலத்துக்குப் போய்விட வேண்டும் என்று நவா அறிவிப்பார். மீறியவர் செல்வரானாலும் அபராதம் கட்ட வேண்டும். காட்டுக்கும் இவ்வாறே தனிக் காவலர் உண்டு. பச்சை மரத்தை வெட்டுவது குற்றம். 1957-இல் நேபாள அரசாங்கம் காடுகளைத் தேசவுடைமையாக்கியபோது இந்தக் காவல்முறை தளர்ந்தது. 1976-இல் அங்கே சாகர்மாதா தேசியப் பூங்கா ஏற்பட்ட பிறகு, கிராமத்துக் காவலரின் உதவியையே மறுபடியும் நாட வேண்டியதாயிற்று. பாங்போச்சே கிராமத்தில் கோம்பா என்னும் மடாலயத்தைச் சுற்றியுள்ள முதிய ஜூனிபர் மரங்களோ, சங்வா தோர்ஜே என்ற லாமா கத்தரித்து வீசிய தலைமுடியிலிருந்து முளைத்தவை என்று சொல்லப்படுகின்றன. குளிர் எலும்பைத் துளைக்கும் நாட்டில், விறகுக்கு எவ்வளவு தவிப்பு இருந்தாலும், அவற்றின் மேல் கோடரி படுவதில்லை.

இதெல்லாம் மூடநம்பிக்கை, அச்சத்தின் மறுபெயர் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் செய்கிறவர், இவர்கள் யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1953 மே 29-ஆம் தேதி ஹில்லாரியோடு எவரெஸ்ட் உச்சியில் நின்ற டென்சிங் நோர்கே, இந்தக் கும்புவின் தாமே கிராமத்தில் வளர்ந்தவர். அங்கே அவர் செய்த முதற்காரியங்களில் ஒன்று, பனியில் சிறு குழி தோண்டி, கையில் கொண்டுபோன தின்பண்டங்களைத் தெய்வத்துக்கு நிவேதனமாக வைத்தது. இன்றும் ஜீவனத்துக்காக அந்தச் சிகரத்தில் ஏறும் ஷெர்பாக்கள், அடிவாரத்தில் ஜூனிபர்ப் புகையிட்டு, லாமாவைக் கொண்டு பூஜை செய்து, மிதிக்கப்போவதற்கு மன்னிப்புக் கேட்ட பிறகே முதலடி வைக்கிறார்கள். அவர்கள் ஏறுவதற்கு வறுமையும் ஒரு காரணம் என்பதையும், 2014 ஏப்ரல் 18-இல் ஒரே பனிச்சரிவில் 16 நேபாளத் தொழிலாளர் மாண்டார்கள் என்பதையும் மறந்து, அவர்கள் ஏன் எவரெஸ்டையும் விட்டுவைக்கவில்லை என்று கேட்பது நியாயமாகாது. பிள்ளைகளின் பசிக்கும் படிப்புக்கும் வழி தேடுகிறவனிடம் போய் ஆசையை அடக்கு என்று உபதேசிக்க எவருக்கும் உரிமை இல்லை. எல்லா உயரமும் ஏறத் தெரிந்தவர்கள், ஏற வேண்டிய நிர்ப்பந்தமும் உள்ளவர்கள், தங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஒன்றை மட்டும் ஏறாமல் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. இயலாதவனின் விலகல் இயலாமை. வல்லவனின் விலகலே அடக்கம்.

இந்த அடக்கம் ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதும் அன்று. 1955-இல் கஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், உச்சியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்கை மதித்து, உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்று திரும்பினார்கள். அந்தச் சில அடிகளால் அவர்கள் கீர்த்தி குறைந்ததாக யாரும் எண்ணவில்லை. உலகத்தின் மூன்றாவது பெரிய சிகரத்தை முதலில் அடைந்தவர்கள் என்றே சரித்திரம் அவர்களைச் சொல்கிறது. நம்முடைய மரபுக்கும் இது புதிதல்ல. கயிலைமலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்து சென்ற காரைக்காலம்மையாரைப் பெரியபுராணம் நமக்குக் காட்டியிருக்கிறது. மலையேறிகள் எவரும் அந்தக் கயிலையின் உச்சியில் கால் வைத்ததில்லை. சைவரும் பௌத்தரும் சமணரும் அதைச் சுற்றியே வருகிறார்கள். சுற்றி வருகிறவனுக்கு மலையின் எல்லா முகங்களும் தெரிகின்றன. உச்சியில் நிற்கிறவனுக்கு மற்ற மலைகளெல்லாம் தெரியும், தான் நிற்கும் மலை மட்டும் தெரியாது.

எவரெஸ்டை வென்ற ஹில்லாரியின் பிற்காலமும் இதையே உணர்த்துகிறது. அவர் 1961-இல் கும்பிலாவின் அடியில் கும்ஜுங் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடம் எழக் காரணமாயிருந்தார். 1966-இல் பக்கத்துக் குந்தேயில் ஒரு மருத்துவமனை அவ்வாறே எழுந்தது. உச்சியில் அவர் இருந்தது கால் மணி நேரம். அதன் பிறகு அரை நூற்றாண்டுக் காலம் அடிவாரத்து மக்களுக்காக உழைத்தார். அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளைக் காணும்போது, ஏறியதைவிட இறங்கி வந்து செய்தது பெரிது என்று எனக்குத் தோன்றிற்று.

நம்முடைய வாழ்க்கையில் எல்லை வகுக்கும் நவா யாரும் கிடையாது. எது முடியுமோ அது செய்யத்தக்கது என்றே நாளும் நமக்குச் சொல்லப்படுகிறது. இன்னும் கொஞ்சம் சம்பாதிக்க முடியும் என்பதால் மாலைப்பொழுதை விற்கிறோம்; பிள்ளைகளுக்கு இன்னொரு வித்தை சொல்லித்தர முடியும் என்பதால் அவர்கள் விளையாட்டைப் பறிக்கிறோம்; அறிந்துகொள்ள முடியும் என்பதால் பிறர் அந்தரங்கத்தைத் துருவுகிறோம்; வெல்ல முடியும் என்பதால் மனைவியோடும் சகோதரனோடும் நடக்கும் வாக்குவாதத்தில் கடைசி வார்த்தையையும் பேசித் தீர்க்கிறோம். இவற்றில் ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சிறிய வெற்றியே. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும்போதுதான், வணங்குவதற்கு ஓர் இடம்கூட மிச்சமில்லாமல் நம் வாழ்வு முழுவதும் கால்தடமாகிவிட்டது தெரிகிறது.

ஆகையால் வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. முயற்சியைக் கைவிட வேண்டாம். ஏற வேண்டிய மலைகளில் தாராளமாக ஏறுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்குப் பின்னால், உங்களால் நிச்சயமாக ஏறக்கூடிய ஒரு சிகரத்தைத் தேர்ந்தெடுத்து, இது எனக்கு வேண்டாம் என்று விட்டுவையுங்கள். அதை உடம்பில் பலமும் கையில் பொருளும் இருக்கும்போதே செய்யுங்கள். மூப்பு வந்து அதுவாகப் பறித்த பிறகு விட்டேன் என்று சொல்வதில் புண்ணியம் ஏதும் இல்லை.