அரை ஆழாக்கு

நாலு கிலோ குறைந்ததும் ஊர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இன்னா மாப்ள, எளச்சிட்ட? சுகர் கிகர் பாத்தியா?" என்பது. திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணப் பந்தி. மாமா முறை ஒருவர், இலையில் பாயசம் விழுவதற்குள் கேட்டுவிட்டார். ஜிம்முக்குப் போகிறேன் மாமா என்றேன். "அதுக்கு ஒடம்பு ஏறணுமே, ஏன் எறங்குது?" என்றார். நியாயமான கேள்விதான். அன்று என்னிடம் பதில் இல்லை.

தமிழில் இளைப்பது நல்ல காரியம் அல்ல. 'இளைத்தவன்' என்றால் தாழ்ந்தவன். 'நான் அவனுக்கு இளைத்தவனா?' என்று சண்டைக்கே போகிறோம். இளைப்பு என்றால் களைப்பு, மூச்சு வாங்குதல். அது தீர நிழலில் உட்காருவதற்குப் பெயர் இளைப்பாறுதல். பெண் பார்க்கப் போனால் 'பூசினாற்போல' இருப்பதுதான் பாராட்டு. கொழுப்பு வற்றித் தசை தெரிகிற உடம்புக்கு ஜிம்மில் ஆங்கிலத்தில்தான் பேர். அதற்காகச் சாப்பாட்டைக் குறைக்கும் மாதங்களை 'கட்டிங்' என்கிறார்கள். வீட்டில் ஒருநாள் வாய் தவறி, கட்டிங் ஆரம்பிக்கப் போகிறேன் என்றேன். அப்பா பேப்பரைக் கீழே இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். நம் ஊரில் அந்தச் சொல் வேறொரு கடைக்குச் சொந்தம்.

எனக்கு வயது 31. செங்கல்பட்டில் வீடு, மறைமலைநகரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. எடை 84 கிலோ. முதல் நாள் ஜிம்மில் 20 கிலோ வெறும் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழச் சொன்னார் மாஸ்டர். ஐந்தாவது தடவையில் கொளவாய் ஏரியே கண்ணுக்குள் சுற்றியது. போகப் போகப் பழகிவிட்டது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "நல்ல புக்கா ஒண்ணு பாத்துப் படிச்சிக்குங்க சார்" என்றார். அங்கேதான் ஆரம்பித்தது.

நாலு மாதத்தில் ஏழு புத்தகம். எரிக் ஹெல்ம்ஸ் நண்பர்களோடு எழுதிய பிரமிடு புத்தகம் அதில் ஒன்று. எது முதலில், எது கடைசியில் என்று அடுக்கு அடுக்காக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். மொத்தக் கலோரி அடித்தளம். மேலே புரதம், மாவுச்சத்து, கொழுப்பு. அதற்கு மேல் வைட்டமின், தாது, தண்ணீர். பிறகு சாப்பிடும் நேரம். உச்சியில் சின்னதாக டப்பா மாவுகளும் மாத்திரைகளும். நேர்மையான வரிசை, கடைகளில் இது தலைகீழாகத்தான் விற்கிறது. தமிழில் நியாண்டர் செல்வனின் பேலியோ புத்தகம் இருக்கிறது. அது அரிசியையும் சர்க்கரையையும் விட்டுவிட்டு முட்டை, கறி, நெய் பக்கம் போகச் சொல்கிறது. இந்த வகைக்கெல்லாம் மூதாதை 1863இல் லண்டனில் வில்லியம் பான்டிங் வெளியிட்ட சிறு வெளியீடு. ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை விட்டு இளைத்த கதையை அவரே எழுதினார். அவருக்குத் தொழில், சவ அடக்கம் செய்து கொடுப்பது. உடம்பின் அகலத்தைப் பற்றி அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்!

ஏழு புத்தகத்தையும் படித்த பிறகு தெரிந்தது, தடை செய்யும் பட்டியலில்தான் இவர்களுக்குள் சண்டை. ஒருவர் சோற்றைப் பிடுங்குகிறார், ஒருவர் எண்ணெயை, ஒருவர் ராத்திரிச் சாப்பாட்டை. எதைப் பிடுங்கினாலும் செலவைவிட வரவு குறைகிறது; உடம்பு சேமிப்பில் கை வைக்கிறது. தசையைத் தொடாமல் கொழுப்பில் மட்டும் கை வைக்க வேண்டுமானால் எடை தூக்க வேண்டும், புரதம் போதுமான அளவு வேண்டும். புதிதாகத் தூக்க வருகிறவனுக்கு ஒரு சலுகையும் உண்டு. கொழுப்பு கரையும்போதே அவனுக்குத் தசையும் ஏறும். பல வருடம் தூக்கியவனுக்கு அது அவ்வளவு லேசில் வாய்க்காது. மாமாவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். பந்தி கலைந்து மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் எட்டாவது புத்தகம் தேடினேன்? மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்சல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். தாமாக முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்தார். உலர்ந்து போன அந்த ஆட்களில் சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து, கதை படிப்பதுபோலப் படிக்க ஆரம்பித்தார்களாம். அதைப் படித்த இரவு என் அலமாரியைப் பார்த்தேன். பசியில் சாப்பிட முடியாததை நானும் படித்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப் போட உட்கார்ந்தேன். நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன அளவு, சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். எடை தூக்குகிறவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளை ஒன்றாக்கி 2018இல் வந்த ஒரு கட்டுரை, 1.6 கிராமுக்கு மேல் போனால் பெரிய லாபமில்லை என்றது. எனக்கு எடை 80 என்று வைத்தால் 128 கிராம். என் தட்டில் என்ன இருந்தது? காலையில் நாலு இட்லி, சாம்பார். மதியம் டிபன் பாக்ஸில் அழுத்தி அடைத்த சோறு, காரக்குழம்பு, ஒரு கரண்டி பொரியல், கொஞ்சம் தயிர். ராத்திரி மூன்று தோசை. எப்படித் தாராளமாகக் கூட்டினாலும் 50ஐத் தாண்டவில்லை. எடை தூக்கப் போனவன், எடை தூக்காதவனுக்குச் சொன்ன அளவைக்கூடத் தொடாமல் இருந்திருக்கிறான்.

இது புதுச் செய்தி அல்ல. இதை நம் மலையிலேயே ஒருவர் எலிகளை வைத்துக் காட்டிவிட்டார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918இல் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். பிறகு 1920களில், இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுவதை ஒவ்வொரு எலிக் கூட்டத்துக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் தின்ற சீக்கிய எலிகள் முதலிடம். தீட்டிய அரிசியை நம்பி, பாலைக் கஞ்சமாகக் கண்ட மதராஸ் எலிகள் கடைசி. அந்த அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. குன்னூரில் இருக்கும்போதே, 1937இல், மெக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற ஆய்க்ராய்டு இந்திய உணவுகளின் சத்து அளவுகளை ஒரு சிறு புத்தகமாகப் போட்டார். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதை 1971இல் விரித்து எழுதினார். 2017இல் வந்த பட்டியலில் 528 உணவுப் பொருள்கள். நாட்டை ஆறு பகுதியாகப் பிரித்துச் சந்தைச் சந்தையாக வாங்கி அளந்தவை. என் எட்டாவது புத்தகம் அதுதான். அறிவுரை இல்லை, அட்டையில் ஆறு கட்டு வயிறு இல்லை. வெறும் எண்கள்.

அதிலும் ஒரு குறை. அரிசி உண்டு, உளுந்து உண்டு, இட்லி கிடையாது. பச்சைப் பொருள் வரைக்கும்தான் அந்தப் பட்டியலுக்குத் தெரியும். அம்மா தாளிப்பில் எத்தனை கரண்டி எண்ணெய் விடுகிறார் என்பது எந்த நாட்டுப் புத்தகத்திலும் இல்லை.

எனவே ஒரு சமையலறைத் தராசு வாங்கிவந்தேன். தட்டை அதன்மேல் வைத்து, சோற்றைப் போடச் சொன்னேன். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். "எட போட்டு சோறு போடறது ஜெயில்லதான்டா" என்றார். பிள்ளைக்கு அளந்து போடுவது அவர் அகராதியில் வசவு. தராசு அன்றே பரணுக்குப் போனது. நான் பழையபடி தட்டில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தேன். 'வேணாம்', 'போதும்', 'எடுத்துடும்மா' என்று நாலு மாதம் வீட்டில் இதே பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மாமல்லபுரம் கூட்டிப்போனேன். வெண்ணெய் உருண்டைக் கல்லைத் தள்ளுவதுபோல நின்று பையன்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். 250 டன் என்கிறார்கள். எடையோடு மல்லுக்கட்டும் அவர்களும் என் வகுப்புத் தோழர்கள்தான். அர்ச்சுனன் தபசுப் பாறையின் எதிரில் அம்மா உட்கார்ந்துகொண்டார். ஒற்றைக் காலில் நின்று கைகளை மேலே தூக்கிய தவசி. விலா எலும்பை எண்ணிவிடலாம், வயிறு முதுகோடு ஒட்டியிருக்கிறது. அவன் பக்கத்தில் சிவனும் குள்ளப் பூதங்களும். பூதங்களுக்கு நல்ல தொப்பை. கீழே, அதே தவசியைப் பார்த்து ஒரு பூனையும் கை தூக்கி நிற்கிறது, சுற்றிலும் எலிகள் நம்பிக்கையோடு. இணையத்தில் டயட் சொல்லும் சிலரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது, பெயர் வேண்டாம். அம்மா பார்த்தது பூனையை அல்ல, தவசியை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாவம், சோறு போட ஆள் இல்ல போல."

சிரித்தேன். வரும் வழியில் மீனவர் குப்பத்துப் பக்கம் ஒரு கூறு நெத்திலி வாங்கினோம். வீடு வந்து அம்மா மண்சட்டியில் உரசி அலசிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த அவருடைய லேப் சீட்டு கண்ணில் பட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை ஐந்து வருடமாக. மூன்று மாதச் சராசரி எப்போதும் 7ஐ ஒட்டியே இருக்கும். அன்று 8.1.

"சாப்பாட்ட மாத்துனியாம்மா?"

"நான் எதை மாத்தனேன்? நீதான் மாத்தன."

"அப்புறம் எப்படி?"

"மிச்சம் ஆவுதுல்ல. கொட்டவா முடியும்?"

நான் ஒதுக்கிய பாதித் தட்டு எங்கே போயிற்று என்று இந்த நாலு மாதத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. மதியத்து மிச்சம் ராத்திரி அவர் தட்டுக்கு. ராத்திரியும் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி, காலையில் பழையதாக அவருக்கு. வடிக்கிற அரிசி வடித்தபடியே இருந்தது; சாப்பிடும் வாய்தான் மாறியது. என் இடுப்பிலிருந்து போனது அம்மாவின் ரத்தத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

ஏழு புத்தகத்தையும் அன்று ராத்திரி மறுபடி புரட்டினேன். எல்லாவற்றிலும் சாப்பிடுகிறவன் ஒற்றை ஆள். அவனே வாங்குகிறான், ஞாயிறன்று அவனே கோழியை வேகவைத்து ஆறு டப்பாவில் அடைக்கிறான், அவனே தின்கிறான். மிச்சம் என்ற சொல்லே அந்தப் புத்தகங்களில் இல்லை. அவன் பசி அவனோடு, அவன் கொழுப்பு அவனோடு. நம் வீடுகளில் பானை ஒன்று. அதிலிருந்து தின்கிற யாருடைய உடம்பும் அவரவர் தோலோடு முடிந்துவிடுவதில்லை. தட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்ததை இத்தனை நாள் மன உறுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாரத்தை நான் இறக்கவில்லை, தோள் மாற்றியிருந்தேன். அந்தத் தவசியைப் பார்த்து அம்மா சொன்னது வேடிக்கைப் பேச்சு இல்லை. அப்படி இளைக்க வேண்டுமானால் வீட்டை விட்டுக் காட்டுக்குப் போனால்தான் முடியும். வீட்டில் இருந்துகொண்டு இளைக்க நினைத்தால், பானையிலிருந்து தொடங்க வேண்டும்.

மறுநாள் காலை கணக்கு நோட்டோடு சமையலறைக்குப் போனேன். அம்மா அரிசி டின்னுக்குள் பித்தளை ஆழாக்கை விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். தலை தட்டி ஒன்று, இரண்டு, அப்புறம் அரை. முப்பது வருடமாக அவர் அளக்காமல் வடித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கிராம், கலோரி என்று நான் தொடங்கினேன். "எவ்ளோ கொறைக்கணும்னு சொல்லு" என்றார். ஒரு 70 கிராம் என்றேன். அவர் அந்தக் கடைசி அரை ஆழாக்கைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் கொட்டி மூடினார். அவ்வளவுதான். வாக்குவாதம் இல்லை. தட்டில் குறைந்தால் அவருக்கு மனசு கேட்காது. பானையில் குறைந்தது யார் தட்டிலும் தெரியவில்லை.

சோறு குறைந்த இடத்தில் நெத்திலி வந்தது, மத்தி வந்தது. 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம், வஞ்சிரத்தின் விலையில் சின்னப் பங்கு. சாயந்திரம் கொண்டைக்கடலைச் சுண்டல், மூன்று பேருக்கும். முட்டை எனக்குக் கூட இரண்டு. அப்பா மட்டும், வீட்டில் கட்டிங் ஆரம்பித்துவிட்டதாக வருகிறவர்களிடம் சொல்கிறார்.

புத்தகம் தேடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாங்கும் முன் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, வீட்டில் சமைக்கிறவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரிந்து, அவர் எதிர்க்கேள்வி கேட்டால் வாங்குங்கள். சமைக்கிறவர் நீங்களே என்றால், மிச்சத்தை யார் சாப்பிடுகிறார் என்று பாருங்கள்.

மாதக் கடைசியில் அம்மாவே பரணிலிருந்து அந்தத் தராசை எடுத்துத் தரச் சொன்னார். பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து நிறுத்தோம். 2 கிலோ 100 கிராம் அரிசி.