இரண்டாம் சுற்றும் பெரும்பான்மையின் நியாயமும்

பெரும்பான்மையோரின் முடிவே நியாயமான முடிவு என்று ஜனநாயகம் பற்றிப் பேசுவோர் அனைவரும் கூறுகின்றனர். ஆயின் அப்பெரும்பான்மை எவ்வாறு கணக்கிடப்படுகின்றது, அதனைக் கணக்கிடும் விதியை யார், எந்நோக்கத்துடன் வகுத்தனர் என்று வினவுவோர் சிலரே. பெரும்பான்மை என்பது மக்கள் மத்தியில் ஏற்கனவே உருவாகிக் கிடந்து, வாக்குப் பெட்டியைத் திறந்ததும் வெளிப்படும் ஒன்றா? அன்றித் தேர்தல் விதியே அதனை ஆக்குகின்றதா? தீய நோக்கத்துடன் பிறந்த விதியொன்று நல்ல விளைவைத் தந்துவிட்டால், அவ்விதி தூய்மை பெற்றுவிடுமா? இவ்வினாக்களை ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 2021 ஆம் ஆண்டு ஜனவரி 5 ஆந் திகதி நிகழ்ந்த தேர்தலை முன்வைத்து ஆராய விரும்புகின்றோம்.

அமெரிக்க மாநிலங்களுட் பெரும்பாலானவற்றில் அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர். அவர் பாதிக்கு மேல் பெற்றிருக்க வேண்டியதில்லை. ஜோர்ஜியாவில் அவ்வாறன்று. பொதுத் தேர்தலில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிடின், முதலிரு இடங்களைப் பெற்ற அபேட்சகர் இருவரும் மீண்டுமொருமுறை மக்கள் முன் செல்லல் வேண்டும். 2020 நவம்பரில் அம்மாநிலத்தின் செனற் ஆசனங்கள் இரண்டும் இந்நிலையை எய்தின. ஓர் ஆசனத்தில் குடியரசுக் கட்சியின் டேவிட் பேர்டியூ 49.7 வீதமும், ஜனநாயகக் கட்சியின் ஜோன் ஒசோஃப் 47.9 வீதமும் பெற்றனர். இருபது பேர் போட்டியிட்ட மற்றைய ஆசனத்தில் ஜனநாயகக் கட்சியின் ரஃபேல் வார்னொக் 32.9 வீதத்துடன் முன்னின்றார். குடியரசுக் கட்சியின் கெலி லெஃப்லர் இரண்டாமிடம் பெற்றார். ஏனைய மாநிலங்களின் முடிவுகளின்படி குடியரசுக் கட்சிக்கு 50 ஆசனங்கள், எதிரணிக்கு 48. எஞ்சிய இரண்டையும் ஜனநாயகக் கட்சி வென்றால் மட்டுமே சபை சரிபாதியாகும். அப்போது உப ஜனாதிபதியின் வாக்கே தீர்ப்பாகும். இவ்வாறு ஒரு மாநிலத்தின் வாக்காளர் ஒரு பெருநாட்டின் சட்டசபையையே தீர்மானிக்கும் நிலை எழுந்தது.

இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 45 இலட்சம் பேர் வாக்களித்தனர். ஒசோஃப் 50.6 வீதமும், வார்னொக் 51 வீதமும் பெற்று வென்றனர். மார்ட்டின் லூதர் கிங் போதகராயிருந்த அற்லாண்டா எபனேசர் தேவாலயத்தின் போதகரான வார்னொக், அம்மாநிலம் செனற்றுக்கு அனுப்பிய முதலாவது கறுப்பினத்தவரானார். இளமையிற் பிறருடைய வயலிலே பருத்தி கொய்தவர் அவருடைய அன்னை. மறுநாள், ஜனாதிபதித் தேர்தலின் முடிவை ஏற்க மறுத்த கும்பலொன்று வாஷிங்டனிற் சட்டசபைக் கட்டடத்தினுட் புகுந்து சூறையாடியது. வாக்கின் வலிமையும் வாக்கை வெறுப்போரின் வன்மமும் இருபத்துநான்கு மணிநேரத்துள் உலகின் கண்முன் வந்தன.

இத்தகைய வெற்றிக்கு வழிகோலிய இரண்டாம் சுற்று விதியின் பிறப்பைச் சற்று நோக்குவோம். 1917 ஆம் ஆண்டு முதல் ஜோர்ஜியாவின் கட்சித் தெரிவுகள் 'கவுண்டி அலகு' முறைப்படி நடந்தன. பெரிய கவுண்டிகள் எட்டுக்கும் ஆறு அலகுகள். அடுத்த முப்பதுக்கு நான்கு. எஞ்சிய 121 சிறு கவுண்டிகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. அற்லாண்டா அமைந்த ஃபுல்ற்றன் கவுண்டியில் ஓர் அலகு 92,721 மக்களுக்கு நிகராயிருக்க, எக்கல்ஸ் கவுண்டியில் அது 938 மக்களுக்கே நிகராயிருந்தது. நகரத் தொழிலாளரதும் கறுப்பின மக்களதும் வாக்கு இங்ஙனம் துச்சமாக்கப்பட்டது. 1963 இல் உயர் நீதிமன்றம் இம்முறை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது.

ஆதிக்கம் ஒரு கதவு மூடப்படின் மறுகதவைத் தேடும். டென்மார்க் குரூவர் என்னும் சட்டசபை உறுப்பினர் 1958 இல் தோல்வியுற்றவர். கறுப்பின வாக்காளர் ஒருமுகமாகத் தம் எதிரிக்கு வாக்களித்ததே அதற்குக் காரணம் எனக் கருதியவர். மீண்டும் சபைக்கு வந்ததும், பாதிக்கு மேல் வாக்குப் பெற்றாலன்றி எவரும் வென்றவராகார் என்ற விதியை அவர் முன்மொழிந்தார். 1964 இல் அது சட்டமாயிற்று. வெள்ளையர் வாக்குப் பலரிடையே சிதறும்போது ஒன்றுபட்ட கறுப்பினச் சிறுபான்மை வென்றுவிடலாகாது. இரண்டாம் சுற்றில் வெள்ளையர் ஒன்றுதிரள வாய்ப்பு வேண்டும் என்பதே உட்கருத்து. தாம் இனத்துவேஷம் கொண்டிருந்ததாகவும், தமது அரசியற் செயல்கள் சில அதனால் உந்தப்பட்டவை என்றும் அவரே பின்னாளிற் சத்திய வாக்குமூலமொன்றில் ஒப்புக்கொண்டார்.

எனினும் எதிர்வாதத்தை நேர்மையுடன் கேட்பது நமது கடமை. பாதிக்கு மேற்பட்டோரின் சம்மதம் பெற்றவரே பிரதிநிதியாக வேண்டும் என்பது தன்னளவில் அநீதியான கோட்பாடன்று. பிரான்சின் தேசியசபைத் தேர்தலும் இரு சுற்றுகளில் நடைபெறுவதே. மூன்றிலொரு பங்கு வாக்குப் பெற்றவர் அனைவருக்கும் பிரதிநிதி என அமர்வதிலும் குறையுண்டு. ஆயின் 1785 இலேயே கொண்டோர்சே என்னும் பிரெஞ்சு அறிஞர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். மூவர் போட்டியிடுமிடத்து, முதல்வரை விட இரண்டாமவரையும், இரண்டாமவரை விட மூன்றாமவரையும், மூன்றாமவரை விட முதல்வரையும் பெரும்பான்மையோர் விரும்புதல் கூடும் என்பதே அது. அவ்வேளையில் எப்பெரும்பான்மை மெய்யானது? விதியே விடை கூறுகின்றது. ஆகவே விதி வெறும் அளவுகோலன்று. அது பெரும்பான்மையை ஆக்குவதிற் பங்குகொள்கின்றது.

இதனை ஆளுங் கட்சிகள் நன்கறியும். 1992 இல் ஜனநாயகக் கட்சியின் வைச் ஃபவுலர் முதற் சுற்றில் முன்னின்றும் பாதியை எட்டாமையால் இரண்டாம் சுற்றிற் குடியரசுக் கட்சியின் போல் கவர்டெலிடம் தோற்றார். உடனே மாநிலச் சட்டசபையில் வலிமை பெற்றிருந்த ஜனநாயகக் கட்சியினர் எல்லையை 45 வீதமாகக் குறைத்தனர். அதிகாரம் கைமாறியபின் 2005 இற் குடியரசுக் கட்சியினர் அதனை மீண்டும் பாதியாக்கினர். கோட்பாடு பற்றிப் பேசியோர் அனைவரும் தம் ஆசனத்தையே எண்ணிப் பேசினர்.

வரலாற்றின் முரண் இதுவே: அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்னும் விதி 2020 இல் இருந்திருப்பின், நவம்பரிலேயே பேர்டியூ வென்றிருப்பார், செனற் குடியரசுக் கட்சியின் கையிலேயே இருந்திருக்கும். கறுப்பினத்தவரின் வாக்கை முடக்க வகுத்த விதியே அவர்களுடைய வாக்கைத் தேசத்தின் தீர்ப்பாக்கியது. அப்படியாயின் விதி நல்லதாகிவிட்டதா?

இல்லை என்பதே நமது விடை. இரண்டாம் முறை வாக்குச்சாவடிக்கு வரக்கூடியவர் யார்? ஓய்வுள்ளோருக்கு அது ஒரு நடை. நாட்கூலியை இழந்து நெடுவரிசையில் நிற்கும் தொழிலாளிக்கு அது ஒரு நேர உணவின் விலை. நேரமும் வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடும் உடைமையே. 2008 செனற் தேர்தலின் முதற் சுற்றில் அங்கு ஏறத்தாழ 37 இலட்சம் பேர் வாக்களிக்க, இரண்டாம் சுற்றில் 21 இலட்சம் பேரே வந்தனர். 2021 இல் இவ்வீழ்ச்சி நேராமைக்கு விதி காரணமன்று. ஸ்டேசி ஏப்ரம்ஸ் போன்றோர் பல்லாண்டுகளாக நடத்திய வாக்காளர் பதிவு இயக்கங்களும், பெருந்தொற்றால் வேலையிழந்த விடுதித் தொழிலாளர் தம் சங்கத்தின்வழி வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டியமையுமே காரணம். விதியின் பொறியை மக்கள் தம் உழைப்பால் உடைத்தனர். அதற்கான புகழை விதிக்கு அளிப்பது, சிறைச்சுவரைத் தாண்டியவனின் வலிமைக்காகச் சுவரைப் பாராட்டுவது போலாகும்.

சுவரைக் கட்டியோரின் வழித்தோன்றல்களும் வாளாவிருக்கவில்லை. 2021 மார்ச்சிலேயே புதிய சட்டமொன்று இரு சுற்றுகளுக்குமிடையிலான காலத்தை ஒன்பது வாரத்திலிருந்து நான்காகச் சுருக்கியது. வாக்குச்சாவடியருகே வரிசையில் நிற்போருக்கு உணவும் நீரும் வழங்குவதையும் குற்றமாக்கியது. அவ்வாறிருந்தும் 2022 டிசெம்பரில் வார்னொக் மீண்டும் இரண்டாம் சுற்றில் வென்றார்.

வெற்றியின் எல்லையையும் நாம் மறைத்தலாகாது. அவ்விரு ஆசனங்களாலேயே 2021 மார்ச்சில் 1.9 இலட்சம் கோடி டொலர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. எளிய மக்களின் கைக்கு 1,400 டொலர் வந்தது. ஆயின் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டொலராக்கும் முயற்சி அதே செனற்றில் 42 க்கு 58 என வீழ்ந்தது; வென்ற அணியினருள்ளும் எண்மர் எதிர்த்து வாக்களித்தனர். வாக்குரிமையைக் காக்கும் சட்டம் 2022 ஜனவரியில் அச்சபையின் நடைமுறை விதியொன்றால் தடைப்பட்டது. அவ்விதியை மாற்றும் முயற்சியும் 48 க்கு 52 எனத் தோற்றது. சட்டசபையிற் பெரும்பான்மை பெறுவது ஒன்று. அப்பெரும்பான்மை உழைப்போருடையதாயிருப்பது மற்றொன்று.

இலங்கையில் வாழும் நமக்குப் பெரும்பான்மை என்பது வெறுங் கணக்குச் சொல்லன்று. 1956 இல் மொழிச்சட்டம் பாராளுமன்றப் பெரும்பான்மையாலேயே நிறைவேறியது. எண்ணிக்கை சரியாயிருந்தும் நீதி தவறியது. ஆகவே எத்தேர்தல் விதியையும் அது தந்த வெற்றியைக் கொண்டு மட்டும் மதிப்பிடல் போதாது. அது யாரை வரிசையிற் காக்க வைக்கின்றது, யாருடைய வாக்கைக் குறைத்து எண்ணுகின்றது, யாருடைய பயத்திலிருந்து பிறந்தது என்று நாம் வினவுதல் வேண்டும். ஜோர்ஜியாவின் மக்கள் அநீதியான விதியின் கீழும் வெல்லலாம் எனக் காட்டினர். அநீதியின் கீழ் வெல்ல வேண்டிய தேவையே இல்லாத நிலையை ஆக்குவதே இனி எஞ்சிய பணி.