அதிகம் எடுத்தவர் யார்?

பொதுவான ஒன்றில் ஒருவர் மிகுதியாக எடுத்துக்கொண்டால் மற்றவருக்குக் குறையும். ஆகவே மிகுதியாக எடுப்பவரைக் கட்டுப்படுத்துவது நியாயமே. இதை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆயினும், மிகுதியாக எடுத்தவர் யார் என்று கணக்கிடும் முறை பிழைபட்டால், அந்த நியாயமே அநியாயமாகிவிடும். இணையச் சேவையில் ‘நியாயப் பயன்பாட்டு விதி’ என்று ஒன்று இருக்கிறதல்லவா? அதைக் குறித்தே வாசக அன்பர்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

விதி இதுதான். மாதக் கட்டணம் செலுத்தி ஒருவர் இணையம் பெறுகிறார். குறிப்பிட்ட ஓர் அளவு தீர்ந்ததும் இணைப்பை அறுத்துவிடுவதில்லை. வேகத்தை மட்டும் குறைத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் பிறக்கும் வரை ஆமை வேகந்தான். ஒரு சிலர் அளவின்றி எடுத்தால், அதே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவர்கள் அவதிப்படுவார்கள் என்பது நிறுவனங்கள் கூறும் காரணம்.

இக்காரணத்தை எடுத்த எடுப்பிலே தள்ளிவிடுவதற்கில்லை. வட சிலாங்கூரில் வாழும் நமக்குப் பங்கீடு என்பது புதிய பாடம் அன்று. பெர்ணம் ஆற்று நீர் கால்வாய் வழியே தெங்கி ஆற்றுக்கு வந்து, தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களுக்குப் பாய்கிறது. எல்லா வயலுக்கும் ஒரே நாளில் நீர் விட இயலாதென்று, பகுதி பகுதியாக முறைவைத்து விடுகிறார்கள். முறை தவறித் தன் மடையைத் திறந்து வைப்பவனை நல்லவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நிற்க. இங்கே ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். குளத்து நீரைத் தேக்கி வைக்கலாம். இன்று மிஞ்சியது நாளைக்கு உதவும். இணையத்தின் கொள்ளளவு அவ்வாறு தேங்குவதில்லை. அது சாலையை ஒத்தது. மாலையில் நெரிசல் மிகுந்த சாலை, விடியற்காலை மூன்று மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்நேரத்தில் வண்டி ஓட்டியவனால் மாலையில் செல்பவனுக்கு என்ன நட்டம்? கோபுரம் சும்மா இருக்கும் வேளையில் ஒருவர் எவ்வளவு எடுத்தாலும் அடுத்தவருக்குக் குறைவில்லை. நெரிசல் வேளையில் எடுப்பதே பிறரைப் பாதிக்கிறது. மாத மொத்தத்தை மட்டும் கூட்டிப் பார்க்கும் விதியோ இவ்விரண்டையும் ஒன்றாகவே பாவிக்கிறது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிப்பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. அவ்வாண்டு இறுதியில் பள்ளிகள் மீண்டும் மூடிக்கிடந்தபோது, பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் கண்ட காட்சியை மறக்க முடியவில்லை. அந்த லயத்துக்குக் கம்பி வழி இணையம் வரவில்லை. ஒரு தாயின் கைப்பேசியில் ஒரே ஒரு சிம் அட்டை. அதன் ஹாட்ஸ்பாட்டில் அவருடைய பிள்ளைகள் மூவரும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் படித்தார்கள். மூன்றாம் வாரத்தில் வேகம் விழுந்தது. ஆசிரியையின் முகம் அசையாமல் நின்றது. குரல் அறுந்தறுந்து வந்தது. அளவு கடந்துவிட்டதாக வந்த செய்தியை நம்மிடம் காட்டி, “நாங்க அப்படி என்னங்க அதிகமா எடுத்துட்டோம்?” என்று அந்தத் தாய் கேட்டார். அன்று நம்மிடம் விடை இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சாதாரணத் தரக் காணொளி மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி எடுக்கும். உயர்தரமாயின் 3 ஜிபி. ஐந்து பிள்ளைகள் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம், 20 பள்ளி நாட்கள் படித்தால் மொத்தம் 150 ஜிபி. தனியாக வாழும் ஒருவர் தினம் ஒரு மணி நேரம் உயர்தரத்தில் படம் பார்த்தால் மாதம் 90 ஜிபி. வரம்பு 100 என்று வைத்துக்கொள்வோம். படம் பார்த்தவர் நியாயமானவர். பாடம் படித்தவர்கள் பேராசைக்காரர்கள்! தலைக்கு 90 எடுத்தவர் தப்பினார். தலைக்கு 30 எடுத்தவர்கள் தண்டனை பெற்றார்கள். இல்லாமையினால் ஒன்றைப் பலர் பகிர்ந்துகொள்வதே இங்கே குற்றமாகிவிட்டது.

நம்மவர் பலர் கடை வைத்திருப்பவர்கள். தோட்டத்தாருக்குக் கடன் கொடுத்து 555 புத்தகத்தில் எழுதி வைத்த காலத்திலும், எழுதிய கணக்கு வாங்கியவர் கண்ணுக்குத் தெரிந்தது. ‘வரம்பில்லை’ என்று பெரிதாக எழுதிவிட்டு, வரம்பைச் சிற்றெழுத்தில் ஒளிப்பது எந்தத் தராசுக்கு அடுக்கும்? அளவில் குறைப்போரைக் கண்டிக்கவே திருக்குர்ஆனில் 83-ஆவது அத்தியாயம் அவர்கள் பெயரால் அமைந்திருப்பதை நாம் அறிவோம். அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் ‘வரம்பற்ற’ திட்டம் விற்று வேகத்தைக் குறைத்ததாக 2014-இல் அரசின் வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2019-இல் 6 கோடி டாலர் தருவதாகவும், இனி வரம்பை வெளிப்படையாகச் சொல்வதாகவும் நிறுவனம் இணங்கியது. இந்தியாவிலோ, கம்பி வழி இணையத்தில் வரம்பு கடந்த பின்னும் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே இறங்கலாகாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் பணித்தது.

நம் நாட்டில், எட்டாத இடங்களுக்குச் சேவை சேர்ப்பதற்கென்று 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு நிதி இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதற்குப் பங்கு செலுத்துகின்றன. இணையம் வெறும் விற்பனைச் சரக்கன்று, எல்லாருக்கும் வேண்டிய வசதி என்பதை நாடு ஒப்புக்கொண்டதற்கு இதுவே சான்று. ஆகவே விதி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வரம்பை விற்கும்போதே தெளிவாகச் சொல்லட்டும். நெரிசல் வேளையை நோக்கிக் கட்டுப்படுத்தட்டும். வேகத்தைக் குறைத்தாலும் ஒரு பிள்ளை பாடம் கேட்குமளவுக்கு விட்டுவைக்கட்டும். வேறு வழியில்லாத தோட்டங்களில் ஓர் அட்டைக்குப் பின்னே எத்தனை பேர் என்பதையும் எண்ணட்டும்.

நமக்கும் கடமை உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளை தேர்வுக்குப் படிக்கும் எட்டு மணிக்குத்தான் நாம் படம் பார்க்க வேண்டுமா? பின்னிரவில் இறக்கி வைத்துக்கொண்டால் என்ன? கடையில் கம்பி வழி இணையம் வைத்திருப்பவர், மாலையில் நான்கு மாணவர்களுக்கு ஒரு மேசை ஒதுக்கினால் அவருக்கு என்ன குறைந்துவிடும்?

அன்று சொல்ல முடியாத விடையை இன்று சொல்கிறோம்: அம்மா, நீங்கள் அதிகம் எடுக்கவில்லை. ஐந்து பிள்ளைகளை ஒருவராக எண்ணியது கணக்கின் பிழை.