கண்ணாடித் தொட்டியும் கொல்லாமையும்

சென்ற தை மாதம் சென்னையில் வாழும் என் சகோதரி மகன் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். குடிநீரைத் துணியால் வடிகட்டியே பருகும் இல்லம் அது. கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்வர். அத்தகைய இல்லத்தின் கூடத்தில் ஐந்தடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று புதிதாக இடம்பெற்றிருந்தது. அதனுள் வெள்ளி வாள் போன்ற மீன் ஒன்று இப்புறமும் அப்புறமும் திரும்பிக்கொண்டிருந்தது. அரோவானா என்றார்கள்.

மாலை உணவு முடிந்ததும் பேரன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தான். அதில் பத்துப் பன்னிரண்டு கப்பி மீன்கள் இருந்தன. அவற்றைத் தொட்டியில் கவிழ்த்தான். நான் எழுந்து வெளியே சென்றுவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று. கடைசிக் கப்பி மூலையில் ஒதுங்கி நின்றதையும், பின் அதுவும் மறைந்ததையும் நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

“நாம் கொல்லவில்லையே மாமா! மீன் மீனைத் தின்பது அதன் இயல்புதானே?” என்றான் மருமகன். கேட்க நியாயமாகவே இருந்தது. (ஐம்பொறியும் மனமும் உடைய விலங்குயிர் அணுவிரதமும் ஏற்கக்கூடும் என்பது நம் ஆகமக் கொள்கை. ஆயினும் அந்த மீனிடம் நாம் விரதம் எதிர்பார்க்கவில்லை.)

வெள்ளி அரோவானா தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்று வெள்ளக்காடுகளில் வாழ்வது. தாழ்ந்த கிளைகளில் ஊரும் வண்டையும் சிலந்தியையும் நீரிலிருந்து துள்ளிப் பிடிக்கும். சிறு மீனையும் உண்ணும். ஆண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்துப் பல வாரம் காக்கிறது. அந்தக் குஞ்சுகளை எடுப்பதற்காகத் தந்தை மீனைக் கொன்றுவிடும் வழக்கமும் அப்பகுதிகளில் இருந்துள்ளது. அக்காட்டு நீரில் துரத்தப்படும் சிறு மீனுக்கு வேரிடுக்கு உண்டு, ஆழம் உண்டு, இருள் உண்டு. கண்ணாடித் தொட்டியில் இவற்றுள் ஒன்றும் இல்லை. கடையில் விலை பேசி, பையில் கொணர்ந்து, தப்ப வழியில்லா நீரில் கவிழ்த்த கை மனிதக் கை. இதில் மீனின் இயல்பு எவ்வளவு, நம் ஏற்பாடு எவ்வளவு? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் வினைக்கு வாயிலாக நம் முன்னோர் சொன்னது இத்தகைய வாதத்தை முன்னரே அறிந்துதான் போலும்.

இரத்தின கரண்டக சிராவகாசாரம் பயனின்றிச் செய்யும் தீங்கை அனர்த்த தண்டம் என ஐவகையாக்கி விலக்குகிறது. கார்த்திகேயாநுப்பிரேட்சை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. பூனை முதலிய கொல்லுயிர்களை வளர்ப்பதையே அனர்த்த தண்டத்துள் வைத்து எண்ணுகிறது. எலித் தொல்லைக்குப் பூனை என்றாலாவது ஒரு பயன் சொல்லலாம். அரோவானா வளர்ப்பதற்குச் சொல்லப்படும் பயன் யாது? அதன் பெருஞ்செதில்கள் சீனரின் டிராகனை நினைவூட்டுவதால் செல்வம் தரும் என்று விற்கிறார்கள். உலகமூடத்தை விட்டொழித்த குடும்பங்கள் கடல் கடந்து வந்த மூடத்தை விலை கொடுத்து வாங்குவது விந்தையே.

என்னை உறுத்துவது வேறு. சுயம்புரமணக் கடலின் மகாமச்சத்தையும் அதன் செவியில் வாழும் அரிசியளவான தந்துல மச்சத்தையும் நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். பெருமீன் வாய் திறந்து உறங்க, எண்ணற்ற மீன்கள் உள்ளே புகுந்து வெளியேறுகின்றன. நானாயிருந்தால் ஒன்றையும் விடேன் என்று எண்ணிய சிறுமீன், ஓர் உயிரையும் கொல்லாமலே ஏழாம் நரகம் புகுந்தது. இளமையில் இக்கதை எனக்கு மிகையாகவே தோன்றியது. கூடத்து நாற்காலியில் அமர்ந்து, கடைசிக் கப்பி எப்போது சிக்கும் என்று காத்திருந்தபோதுதான் அச்சிறுமீன் யார் என்பது விளங்கிற்று. அரோவானாவுக்குப் பசி இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

மறுநாள் காலையில் மருமகனே வந்து, “இனி என்ன செய்வது மாமா?” என்றான். வாங்கும்போது எளிதாயிருந்தது இப்போது எப்பக்கமும் இடிக்கிறது. கொல்லுயிரைக் கொன்றால் பல உயிர் பிழைக்குமே என்னும் எண்ணத்தை அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் மறுத்துவிட்டார்; ஆகவே கொல்லலாகாது. ஏரியில் விடலாமா? 2018ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்திற்குப் பின் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அராபைமா என்னும் அமேசான் பெருமீன் சாலக்குடி ஆற்றில் அகப்பட்டது. அயல் நாட்டுக் கொல்மீனை நம் நீரில் விடுவது அபயதானம் ஆகாது. அங்குள்ள மீன்களுக்கெல்லாம் அச்சதானம். கடைக்கே திருப்பினால் வேறொரு கூடத்தில் வேறொரு சிறுவன் பையைக் கவிழ்ப்பான். பட்டினி போட்டால் அன்னபான நிரோதம். கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று. அடைத்து வைத்தலாகிய பந்தமும் அவ்வைந்தில் ஒன்றே என்பதால், தொட்டி வந்த நாளிலேயே குற்றம் தொடங்கிவிட்டது.

ஆதலின் அது தன் ஆயுள் முடியும்வரை அங்கேயே இருக்கட்டும், உயிர் இரை நிற்கட்டும், வேறு மீன் வாங்க வேண்டா என்றேன். உருண்டைத் தீவனத்திற்குப் பழக்கலாம் என்றான். கடல் மீனை உலர்த்தி அரைத்த தூளே அதில் பெரும்பகுதி. வீட்டில் கொலைக் காட்சி நிற்கும், சிறுவனின் கை அதற்குப் பழகாது, அவ்வளவே. இம்சையற்றது என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. இம்மீன் மூன்றடி வரை வளரக்கூடியது, பத்தாண்டிற்கு மேலும் வாழக்கூடியது. அதுகாறும் அந்தத் தீவனம் அவன் கணக்கிலேயே ஏறும்.

பங்குனியில் தொலைபேசியில் அழைத்தான். எட்டு நாள் தீவனத்தைத் தொடவே இல்லையாம். எட்டு நாளும் இவனுக்கும் உணவு சரியாக இறங்கவில்லை என்று அவன் மனைவி சொன்னாள். ஒன்பதாம் நாள் ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டதாம். தொட்டி காலியானதும் அதில் என்ன வைக்கலாம் என்று பேரன் இப்போதே கேட்கிறானாம்.