கண்ணில்லா வண்டின் பெயர்

ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பெயர்களைக் கற்பித்தான் என்று குர்ஆன் சொல்கிறது. மலக்குகளும் அறிந்திராத அந்த அறிவை ஆதமின் மக்கள் எவ்வாறு கையாள்கிறார்கள் என்பதற்கு ஒரு சிறு வண்டு சாட்சியாக இருக்கிறது.

ஸ்லொவேனியா நாட்டின் சில குகைகளில் ஐந்து மில்லிமீற்றர் அளவேயான கபில நிற வண்டொன்று வாழ்கிறது. தரைவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. இருளில் கண்ணுக்கு வேலையில்லை. அதற்குக் கண்ணும் இல்லை. ஒஸ்கார் ஷைபெல் என்பவர் 1937இல் அதனை விவரித்து, 'அனொப்தால்மஸ் ஹிட்லரி' என்று பெயர் சூட்டினார். முற்பாதிக்குக் கிரேக்க மொழியில் 'கண்ணற்றது' என்று பொருள். பிற்பாதி, அன்று ஜேர்மனியை ஆண்டவரைக் கௌரவிக்க இட்டது. முற்பாதி வண்டைப் பற்றிப் பேசுகிறது. பிற்பாதி பெயரிட்டவரைப் பற்றிப் பேசுகிறது.

புதிய இனமொன்றை விவரிப்பது இலேசான வேலையன்று. உடலின் ஒவ்வோர் உறுப்பையும் உருப்பெருக்கியில் பார்த்து, நெருங்கிய இனங்களிலிருந்து அது எதனால் வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். பிறர் சோதித்துப் பார்க்க மாதிரியொன்றைப் பேணிவைக்க வேண்டும். அத்தனை நேர்மையுடன் நடந்த ஒருவர் கடைசிச் சொல்லில் சறுக்கிவிடலாம்.

விவரணத்தில் பிழையிருந்தால் பின்வருவோர் திருத்தலாம். பெயரில் அது எளிதன்று. முறைப்படி முதலில் இட்ட பெயரே நிலைக்கும் என்பது விதி. பெயர்கள் மாறிக்கொண்டிருந்தால் பழைய நூல்களுக்கும் புதியவற்றுக்கும் தொடர்பறும் என்ற அச்சம் நியாயமானதே. ஒழுக்கக் காரணங்களுக்காகப் பெயர்களை மாற்றும் பொறுப்பை ஏற்கச் சர்வதேச விலங்கியல் பெயரீட்டு ஆணைக்குழு 2023இல் மறுத்துவிட்டது.

தாவரவியலாளர்கள் வேறுவிதமாகச் சிந்தித்தார்கள். தென்னாபிரிக்கக் கறுப்பின மக்களை இழிவுபடுத்திய சொல்லொன்று 200இற்கும் மேற்பட்ட தாவர, பாசி, பங்கசுப் பெயர்களில் இருந்தது. அதன் வேர் 'காஃபிர்' என்ற அரபுச் சொல் என்பது நாம் வெட்கத்துடன் நினைக்க வேண்டியது. 2024இல் மட்ரிட் நகரில் கூடியவர்கள் 'கஃப்ரா' என்பதை, ஆபிரிக்காவைக் குறிக்கும் 'அஃப்ரா' என மாற்ற வாக்களித்தனர். ஓரெழுத்து போனதால் தாவரவியல் இடிந்து விழவில்லை.

வண்டுக்குப் பெயரால் என்ன வலி என்று கேட்கலாம். ஹிட்லரின் பெயரைத் தாங்கியது என்பதற்காகவே அதனைத் தேடிப் பிடித்து விற்போர் உளர். பெயரிட்டவர் போய்விட்டார், விலையைக் கொடுப்பது வண்டு.

இதை எழுதும் எனக்கும் ஒரு கடன் உண்டு. பல வருடங்களுக்கு முன், மெதுவாக எழுதிய மாணவன் ஒருவனை வகுப்பில் 'ஆமை' என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இன்று அவர் ஒரு பிள்ளையின் வாப்பா. அந்தப் பிள்ளையை ஊரார் 'ஆமைட மகன்' என்கிறார்கள். பெயர் என்பது அமானிதம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இப்போது அவரைக் காணும்போதெல்லாம் முழுப்பெயர் சொல்லியே அழைக்கிறேன். ஊர் இன்னும் மாறவில்லை. அதற்காக நான் விட்டுவிட முடியாது. முதலில் பெயரிட்டவன் நானல்லவா?